கடனைத் தவணைகளில் தீர்த்தற்கு எழுத்துமூல ஏற்பாடு
நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு ஒரு பாடம்

விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களிற் கமக்காரருக்குச் செலவு உண்டு, வரவு இல்லை. உழவு, விதை, பசளை, கிருமிநாசினி, கூலி ஆகிய யாவற்றிற்கும் முன்கூட்டியே பணம் வேண்டும். ஆகவே வேளாண்மைக்குக் கடன்படுதல் குற்றமன்று. தொழிலின் இயல்பே அது. விளைச்சல் நன்றாயின் கடன் களத்திலேயே தீர்ந்துவிடும். வெள்ளம், வரட்சி, நோய், விலை வீழ்ச்சி ஆகியவற்றுள் ஒன்று குறுக்கிட்டால் ஒரு போகத்தின் கடன் அடுத்த போகத்தின் தலையில் ஏறிவிடும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் கடைசியில் அத்தடை நீக்கப்பட்டபோதும், 2021/22 பெரும்போக விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. அதனால் கடன்பட்டோரிற் பலர் தம் தவறு ஏதுமின்றியே கடன்பட்டவராவர்.

கடன் கட்ட முடியாதபோது பலர் செய்வது யாதெனில், உரத்துக் கேட்பவருக்கு முதலிற் கொடுப்பதும், அவருக்குக் கொடுப்பதற்காக வேறொருவரிடம் கூடிய வட்டிக்கு வாங்குவதுமாகும். இதனாற் கடன் குறைவதில்லை. ஆள் மட்டுமே மாறுகின்றார். ஈற்றில் அடுத்த போகத்திற்கு வைத்த விதைநெல்லும் போய், காணி உறுதியும் பிறர் கைக்குச் செல்கின்றது.

இதற்கு மாற்றுவழி ஒன்று உண்டு. உங்களால் உண்மையாகக் கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்பதை முதலிற் கணக்கிட்டு, அத்தொகையைக் கடன் கொடுத்தோர் அனைவருக்கும் நியாயமாகப் பங்கிட்டு, எல்லோருக்கும் ஒரே திட்டத்தை எழுத்தில் கொடுத்தலே அது. அதனை ஆயத்தம் செய்யும் முறையும், கடன் கொடுத்தோர் கூறக்கூடிய மறுமொழிகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

1. எப்பொழுது தொடங்க வேண்டும்?

அறுவடைக்கு ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்னர் தொடங்குதல் நன்று. பயிர் கதிர் விட்டபின் விளைச்சலை ஓரளவு மதிப்பிடலாம். கடன் கொடுத்தோரும் களத்திற்கு வந்து நிற்கமாட்டார்கள். சூடடித்து முடிந்தபின் பேச்சுத் தொடங்கினால், முதலில் வந்தவர் மூடைகளை ஏற்றிச் செல்வார். மற்றையோருக்குக் காட்டக் கணக்கு இராது.

2. கடன்களை ஒரே தாளில் எழுதுதல்

ஒரு தாளில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரியாகப் பின்வருவனவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: யாரிடம் பட்டது, எப்பொழுது, கையிற் பெற்ற தொகை, வட்டி வீதம், இதுவரை கட்டியது, இன்று நிற்கும் தொகை, கொடுத்த பொறுப்பு, பிணை நின்றவர். வீட்டிலுள்ளோர் யாவரும் இருந்து எழுதுதல் வேண்டும். மனைவி பெயரில் உள்ள கடனும், மகன் வாங்கிய உழவு இயந்திரத்தின் தவணையும் இதே தாளில் வரவேண்டும். மறைத்த கடன் பின்னர் திட்டத்தைக் கவிழ்த்துவிடும்.

எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, புரோநோட்டு எனப் பொதுவாக வழங்கும் வாக்குறுதிச் சீட்டு. கடனுக்குப் பொறுப்பாக எழுதப்படும் அச்சீட்டில் உண்மையிற் கடனாகப் பெற்ற தொகையும், முன்கூட்டிக் கழித்த வட்டியும், ஆண்டு வட்டி வீதமும் வெவ்வேறாகக் குறிக்கப்பட வேண்டுமென 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. வட்டி அளவுக்கு மீறியதாகவும் கொடுக்கல் வாங்கல் நியாயமற்றதாகவும் இருப்பின், நீதிமன்றம் அக்கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கவும் அச்சட்டம் இடமளிக்கின்றது. தனியாரிடம் பட்ட கடனில் வட்டியாக அறவிடக்கூடிய தொகை முதலுக்கு மேற்படலாகாது என்பதும் நம் நாட்டுச் சட்டமாகும். வங்கிக் கடன்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

இரண்டாவது, மிகப் பழைய கடன். வாக்குறுதிச் சீட்டின் மீது வழக்கிடுவதற்கு ஆறு ஆண்டும், ஈட்டின் மீது பத்து ஆண்டும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் எல்லையாக விதிக்கப்பட்டுள்ளன. ஒரு பகுதியைக் கட்டினாலும், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் அக்காலம் புதிதாக ஓடத் தொடங்கும். ஆகவே நெடுங்காலம் கடந்த கடன் இருப்பின், கடிதம் எழுதுமுன் சட்டம் அறிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, காணி. யாழ்ப்பாணப் பகுதியில் தேசவழமையின்படி ஒற்றிக்குக் கொடுத்த காணியின் விளைவை வட்டிக்கு ஈடாக ஒற்றி பிடித்தவர் அனுபவிக்கின்றார். அவ்விளைவை உங்கள் வரவிற் சேர்த்தல் ஆகாது. குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியை அரசின் இசைவின்றித் தனியாருக்கு ஈடு வைத்தலும் விற்றலும் செல்லா.

3. கட்டக்கூடிய தொகையைக் காணுதல்

இதுவே ஏற்பாட்டின் உயிர்நிலை. "எவ்வளவு கடன் இருக்கின்றது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்காமல், "எவ்வளவு மிஞ்சும்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு.

கணக்கு முறை விளங்குதற்காக ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒரு கமக்காரர் நான்கு ஏக்கரில் நெல்லும் அரை ஏக்கரில் மரக்கறியும் செய்கின்றார். ஏக்கருக்கு 80 புசல் வீதம் 320 புசல், அதாவது ஏறக்குறைய 6,720 கிலோ நெல் கிடைக்கின்றது. உணவுக்கும் விதைக்கும் 720 கிலோ ஒதுக்கி, 6,000 கிலோவைக் கிலோ 110 ரூபா வீதம் விற்கின்றார். உங்கள் விலையையும் விளைச்சலையும் இவ்விலக்கங்களுக்குப் பதிலாக இட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண்டு வரவு:
நெல் விற்பனை: ரூபா 660,000
மரக்கறி விற்பனை: ரூபா 290,000
பால், கூலி வேலை: ரூபா 120,000
மொத்தம்: ரூபா 1,070,000

ஓர் ஆண்டுச் செலவு:
அடுத்த நெற்செய்கை: ரூபா 300,000
அடுத்த மரக்கறிச் செய்கை: ரூபா 110,000
குடும்பச் செலவு, மாதம் 36,000 வீதம்: ரூபா 432,000
எதிர்பாராத இடருக்கு ஒதுக்கம்: ரூபா 48,000
மொத்தம்: ரூபா 890,000

மிகுதி: ரூபா 180,000

அடுத்த செய்கைக்கான பணம் கடன் கட்டுமுன்னரே ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்க. அதனை எடுத்துக் கடன் கட்டினால், அடுத்த போகத்திற்கு மறுபடியும் கடன்பட வேண்டும். திட்டம் ஓர் ஆண்டிலேயே முறிந்துவிடும். விதைநெல்லும் பசளைப் பணமும் உங்கள் சொந்த நன்மைக்கு மட்டுமன்று, கடன் கொடுத்தோரின் பணம் திரும்புவதற்கும் வேண்டியவையாகும். இதனை அவர்களுக்கும் எடுத்துக் கூறலாம்.

இடருக்கான ஒதுக்கத்தை நீக்கிவிட்டுக் கூடிய தொகையைக் காட்ட வேண்டாம். ஒரு மாடு நோயுற்றால், அல்லது ஒரு பிள்ளை வைத்தியசாலைக்குச் சென்றால், முதல் தவணையே தவறிப்போகும். கொடுக்கமுடியாத பெருந்தொகையிலும், தவறாமற் கொடுக்கும் சிறுதொகையே நம்பிக்கையை வளர்க்கும்.

4. பங்கிடுதல்

மேற்கூறிய கமக்காரரின் கடன் வருமாறு: வங்கி 210,000, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் 60,000, பசளைக் கடை 180,000, கைமாற்றாகத் தனியாரிடம் 90,000, மொத்தம் 540,000 ரூபா. ஆண்டுக்கு 180,000 வீதம் மூன்று ஆண்டுகளில் இக்கடன் தீரும். ஒவ்வொருவரும் தமக்குரிய கடனில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பெறுவர்: வங்கி 70,000, சங்கம் 20,000, கடை 60,000, தனியார் 30,000. இதனைப் பெரும்போக அறுவடைக்குப்பின் பங்குனியில் ஒரு பாதியும், மரக்கறி விற்றபின் ஆவணியில் மறுபாதியுமாகக் கொடுக்கலாம். மாதத் தவணை சம்பளம் பெறுவோருக்கு உரியது. கமக்காரர் கேட்கவேண்டியது அறுவடைத் தவணையே.

காணி ஈட்டுக்கும் நகை அடகுக்கும் தனிக்கணக்கு வேண்டும். நகை ஏலத்திற்குப் போகாமல் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கும் செலவையும், ஈட்டுக் காணியைக் காக்கும் தவணையையும் பங்கீட்டுக்கு முன்னரே ஒதுக்கிவிடுங்கள்.

வட்டியைப் பற்றிப் பேசாமல் தவணையை மட்டும் பேசினால் ஏற்பாடு பயன்படாது. 90,000 ரூபாவுக்கு மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியாயின், மாதத்திற்கு 4,500, ஆண்டுக்கு 54,000 ரூபா வட்டியாகும். ஆண்டுத் தவணையோ 30,000 தான். மூன்று ஆண்டு தவறாமற் கட்டியபின்னும் கடன் முன்னையிலும் பெருகியே நிற்கும். ஆகவே ஏற்பாடு தொடங்கும் நாளிலிருந்து வட்டியை நிறுத்தும்படியோ, குறைக்கும்படியோ கேட்க வேண்டும். கட்டும் பணம் முதலிற் கழிக்கப்படும் என்பதும் எழுதப்பட வேண்டும். வட்டியை விடமுடியாதென்று கூறுவோருக்கு, இணங்கிய ஒரு தொகையை நான்காம் ஆண்டிற் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளலாம்.

5. கடிதம் எழுதுதல்

கடன் கொடுத்தோர் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம் செல்லவேண்டும். கடன் விபரமும் வரவு செலவுக் கணக்கும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். பயிர் அழிந்திருப்பின் கமநல சேவை நிலையத்திற் பெற்ற உறுதிப்படுத்தலையும், பயிர்க் காப்புறுதிக்கு விண்ணப்பித்திருந்தால் அதன் பிரதியையும் சேருங்கள். வங்கி முகாமையாளர் உங்கள் கோரிக்கையைத் தம் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டியவர். அவருக்கு இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, காட்டுவதற்குத் தாளும் வேண்டும்.

கடிதம் பின்வருமாறு அமையலாம்:

"ஐயா, கடந்த பெரும்போகத்தில் வெள்ளத்தினால் என் பயிர் அழிந்தமையால் தங்கள் கடனை உரிய நாளிற் கட்ட இயலவில்லை. என் மொத்தக் கடன் ரூபா 540,000. தங்களுக்குரியது ரூபா 180,000. இணைத்துள்ள கணக்கின்படி ஆண்டுக்கு ரூபா 180,000 மட்டுமே கடனுக்காக எடுக்க முடியும். ஆகவே தங்களுக்கு ஆண்டுதோறும் பங்குனியில் ரூபா 30,000உம், ஆவணியில் ரூபா 30,000உம் ஆக மூன்று ஆண்டுகளிற் கட்டி முடிக்க விரும்புகின்றேன். இக்காலத்தில் வட்டியை நிறுத்தி, கட்டும் பணத்தை முதலிற் கழிக்குமாறு வேண்டுகின்றேன். எல்லோருக்கும் இதே விகிதத்திலேயே கொடுக்கப்படும். விளைச்சல் கூடினால் தவணையும் கூட்டப்படும். பயிர் மீண்டும் அழிந்தால் ஒரு மாதத்திற்குள் அறிவித்துப் புதிய கணக்குத் தருவேன். தங்கள் மறுமொழியை இம்மாத முடிவுக்குள் எழுத்தில் அறியத்தருக."

கடிதம் அனுப்புமுன் பிணையாளியைச் சந்தித்துச் சொல்லுங்கள். நீங்கள் கட்டாவிடின் அவரிடமே கேட்பார்கள். அவர் பிறர் வாயால் இதனை அறிதல் முறையன்று. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

6. கடன் கொடுத்தோர் கூறக்கூடிய மறுமொழிகள்

கடன் கொடுத்தவர் பகைவர் அல்லர். பசளைக் கடைக்காரரும் தமக்குப் பொருள் அனுப்பியவருக்குக் கடன்பட்டிருக்கக்கூடும். அவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே: இதனை ஏற்றால் எவ்வளவு வரும், ஏற்காவிடின் எவ்வளவு வரும்? வழக்கிட்டால் செலவும் காலமும் ஆகும். தீர்ப்புப் பெற்றாலும், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவின்படி, உங்கள் பிழைப்புக்கு வேண்டியவையென நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைத் தானியத்தையும், உங்கள் கமத்தொழிற் கருவிகளையும் கைப்பற்ற முடியாது. ஆகவே உண்மையான கணக்கோடு வரும் திட்டத்தைப் பலர் ஏற்பர். எனினும் எல்லோரும் ஒரேவிதமாக மறுமொழி கூறார்.

(அ) ஏற்றுக்கொள்ளுதல். வாய்ச்சொல் போதாது. தொகை, தவணை நாள், வட்டி ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். முடிவில் பழைய சீட்டைத் திருப்பித் தருவதாகவும் அதில் எழுதுவியுங்கள்.

(ஆ) கூடக் கேட்டல். "மூன்று ஆண்டு ஆகாது, ஒரே ஆண்டில் முடி" என்பார். கணக்கைத் திறந்து, எந்தச் செலவைக் குறைக்கலாமென அவரிடமே கேளுங்கள். அவர் காட்டுவது நியாயமாயின் ஏற்கலாம். அன்றேல் ஒப்ப வேண்டாம். ஒருவருக்குக் கூட்டினால் மற்றவருக்குக் குறையும் என்பதை நினைவூட்டுங்கள்.

(இ) தமக்கு மட்டும் தனிச்சலுகை கேட்டல். "மற்றவருக்குத் தெரியாமல் எனக்கு முதலில் தா, களத்திலேயே நெல்லைத் தா, விலையை நான் போடுகின்றேன்" என்பார். இதற்கு இணங்கலாகாது. இரகசியம் வெளிப்படும் நாளில் மற்றெல்லோரும் ஏற்பாட்டை விட்டு விலகுவர். நெல்லாகவே கொடுப்பதாயின், அன்றைய சந்தை விலையில், நிறுத்து, சிட்டை பெற்றுக் கொடுங்கள்.

(ஈ) புதிய பொறுப்புக் கேட்டல். நிரப்பப்படாத தாளிலோ வெற்றுக் காசோலையிலோ ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். கணக்கிற் பணமின்றிக் காசோலை கொடுத்தல் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகலாம். "பெயருக்கு மட்டும்" எனக் கூறிக் காணியை விற்பனை உறுதியாக எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொறுப்பில்லாத சிறு கடன் அவ்வாறே காணிக் கடனாக மாறுகின்றது.

(உ) மறுமொழி கூறாமை. மௌனம் சம்மதமன்று, மறுப்பும் அன்று. குறித்த நாளில் முதல் தவணையைக் கொண்டுசென்று கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வாங்க மறுத்தால் அப்பணத்தை வேறு செலவுக்கு எடுக்காமல் தனிக்கணக்கில் வையுங்கள்.

(ஊ) மறுத்து வழக்கிடுதல். இதற்கு அடுத்த பகுதி வழிகாட்டும்.

7. இணக்கம் ஏற்படாவிடின்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையிற் கடன் பிணக்கை முன்வைக்கலாம். அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. நீங்களே உங்கள் கணக்கைக் காட்டிப் பேசலாம். நீங்கள் ஆயத்தஞ்செய்த தாள் அங்கு மிகவும் பயன்படும்.

காணியை ஈடு வைத்தோ, பணம் கொடுத்தால் திரும்ப எழுதித் தருவதாக நிபந்தனையிட்ட உறுதி முடித்தோ தனியாரிடம் பட்ட கடனாயின், 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். சபை இருதிறத்தாரையும் அழைத்து இணக்கம் காண முயலும். விண்ணப்பம் நிலுவையில் உள்ளபோது அதே கடன்பற்றிய வழக்கை நீதிமன்றம் ஏற்பதில்லை. ஆயின் நிபந்தனை உறுதியில் மீட்பதற்குக் குறித்த கெடு முடிந்தபின் செல்வது பயனற்றது. ஆகவே கெடுவுக்கு நெடுநாள் முன்னரே விசாரித்து விண்ணப்பியுங்கள்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதனை ஒளித்து வைத்தல் பெருந்தவறு. குறித்த நாளில் தோன்றாவிடின் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும். மேற்படி 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வங்கி தொடரும் வழக்கில், உரிய நாளிற் காரணங்காட்டத் தவறினால் முதலில் வழங்கிய தீர்ப்பு முடிவானதாகும். தோன்றினால், கடனைத் தவணைகளிற் கட்டுவதற்குக் கட்டளையிடும்படி குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 194ஆம் பிரிவின்படி கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

8. ஏற்பாட்டைக் காத்தல்

இணக்கம் எழுதிய நாளில் வேலை முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகின்றது. தவணைப் பணத்தை நெல் விற்ற அன்றே பிரித்து வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுப் பெற்று, ஒரே கொப்பியில் ஒட்டி வையுங்கள். திட்டம் முடியும்வரை புதிய கைமாற்று வாங்க வேண்டாம். தவணை தவறுமென்று தெரிந்தால், நாள் கடந்தபின் சாட்டுச் சொல்வதிலும், நாள் வருமுன்னரே சென்று சொல்வது மேலானது. கடைசித் தவணை கட்டியதும் சீட்டை மீளப் பெறுங்கள். ஈட்டு உறுதியாயின் நொத்தாரிசு மூலம் விடுதலை எழுதிக் காணிப் பதிவகத்திற் பதிவு செய்வியுங்கள்.

கமக்காரர்களே, கடன் கொடுத்தவருக்கு உரியது அவர் பணம். உங்களுக்கு உரியது உங்கள் நிலமும் அடுத்த விதைப்பும். இரண்டையும் காப்பதே நல்ல ஏற்பாடு. கணக்கை எழுதுவதில் உதவி வேண்டுவோர் தம் கமநல சேவை நிலையத்தையும் கமக்காரர் அமைப்பையும் அணுகுவாராக. கதிர் முற்றுமுன் தாளும் முற்றுப்பெறட்டும்.